குருந்தும் காவிலிப்பையும்

விடைத்தாள் திருத்தும் முகாம்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனியொரு நாவலாக நீண்டுவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன்பு அப்படியொரு முகாமுக்காகக் கிண்டியை அடுத்துள்ள ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். மூன்றாம் நாள் மதிய உணவுக்குப் பின், தூக்கத்தைத் துரத்துவதற்காகத் தாழ்வாரங்களில் நடந்துகொண்டிருந்தபோது, தாவரவியல் துறையின் பின்புறத்தில் இரண்டு பழைய மர அலமாரிகள் வெயிலில் நிற்பதைக் கண்டேன். அவற்றின் வயிற்றிலிருந்தவை தரையில் குவிந்திருந்தன. சணல் கயிற்றால் கட்டப்பட்ட பழுப்புத் தாள்கட்டுகள். ஒரு கட்டு அவிழ்ந்து கிடந்தது. மேல்தாளில் ஒரு கிளை தைக்கப்பட்டிருந்தது. ஆம், நூலால் தைக்கப்பட்டிருந்தது. பூ இருந்த இடத்தில் பூவின் நிழல்போல ஒரு கறை மட்டும் இருந்தது.

"தொடாதீங்க சார். பூச்சி வெச்சிருக்கு. அதோட அந்தக் காலத்துல மருந்து வேற தடவியிருக்காங்க" என்றார் ஆய்வகப் பணியாளர்.

எங்கே போகின்றன இவையெல்லாம் என்று கேட்டேன்.

"எடைக்குத்தான். ரூம்ல கம்ப்யூட்டர் வருது. நாலு மணிக்குப் பேப்பர்காரர் வர்றேன்னிருக்காரு. ஆனா எல்லாத்துலயும் இலை ஒட்டியிருக்கு பாருங்க, எடுப்பாரான்னு தெரியல."

எனக்குத் தாவரவியலில் பள்ளி இறுதி வகுப்போடு தொடர்பு அற்றுப்போயிற்று. செம்பருத்தியை நெடுக்குவெட்டாக அறுத்துப் படம் வரைந்ததே கடைசி. ஆயினும் பழைய தாள்கட்டு ஒன்று எடைக்குப் போகிறது என்றால் தமிழ் படித்தவனுக்கு நெஞ்சு பதறுவது இயல்பு. ஏடு தேடி அலைந்தவர்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லியே இருபதாண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். துறையில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். தாராளமாக எடுத்துச் செல்லுங்கள் என்றார். அவர் முகத்தில் தெரிந்தது எரிச்சலா நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒரு கட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு எடுத்திருக்கலாம். மின்சார ரயிலில் கூட்டமாக இருக்குமே என்று நினைத்த அந்த ஒரு கணத்தை இன்றுவரை நொந்துகொள்கிறேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோது நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட தாள்கள் இருந்தன. பாதிக்கும் மேல் வெறும் தூள். சிலவற்றில் செடி முழுதாக இருந்தது, அடிமூலையில் இருக்கவேண்டிய சீட்டு உதிர்ந்துபோயிருந்தது. ஒரு தாளில் மட்டும் எல்லாம் இருந்தன. முள்ளுள்ள ஒரு சிறு கிளை, தோல்போல் தடித்த இலைகள், சுண்டைக்காய் அளவில் சுருங்கிய இரண்டு காய்கள். சீட்டில் ஆங்கிலத்தில் மை மங்கிய எழுத்துக்கள். அவற்றின் பொருள் இது: கிண்டி, புதர்க்காடு. 11.9.1961. சிறுமரம், பத்தடி உயரம். முள் உண்டு. காய் பச்சை. உள்ளூர்ப் பெயர் காட்டெலுமிச்சை, ஆடு மேய்ப்பவர் சொன்னது.

தாவரத்தின் அறிவியல் பெயரும் இருந்தது. அட்டலான்ஷியா மோனோபில்லா. அதை அகராதிகளில் தேடிப் போனவனுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அது குருந்து.

*

குருந்து என்ற சொல்லை நான் எத்தனை வகுப்புகளில் உச்சரித்திருப்பேன்! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையில் அது கடைசிக்கு அருகில் வருகிறது. முல்லைத் திணைப் பாடல்களில் ஆயர்களின் தலையில் இருக்கிறது. மாயவன் ஒசித்த மரம் அது. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டது அதன் நிழலில். "குருந்து, ஒருவகை மரம்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவேன். "ஒருவகை மரம்" என்ற அந்த இரண்டு சொற்களில் உரையாசிரியர்கள் முதல் என் போன்றோர் வரை எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருக்கிறோம்!

(பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' 1967இலேயே வந்துவிட்டது. கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவ்விரண்டையும் தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம் என்று கேட்டால் நானே முதலில் தலைகுனிய வேண்டும்.)

அந்த மரம் நான் தினமும் கடக்கும் கிண்டியில் நின்றிருக்கிறது என்பதை ஒரு காய்ந்த கிளைதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இலக்கியக் கூட்டங்களில் பழக்கமான ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அடையாற்றில் இருக்கிறார். கட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கதவைத் திறந்தவர் கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "முதல்ல கையைக் கழுவுங்க சார். அப்புறம் பேசலாம்." பழைய தாள்களில் பூச்சி அரிக்காமலிருக்க மெர்க்குரிக் குளோரைடு தடவுவது வழக்கமாம். கடும் நஞ்சு. ஆய்வகப் பணியாளர் சொன்னது முற்றிலும் சரி. நான்தான் அதன் மேல் கைவைத்து, அதே கையால் ரயில்நிலையத்தில் வேர்க்கடலை தின்றவன்.

இரண்டாவது கட்டளை, கட்டை ஒருவாரம் கடுங்குளிரில் வைக்க வேண்டும் என்பது. உள்ளே இருக்கும் வண்டின் முட்டைகள் சாவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, இருபது டிகிரியாவது வேண்டும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் தாள் நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் அனுமதி கிடைத்திருக்காது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. பாலித்தீன் உறைகளை இரண்டு மூன்றாகப் போட்டுக் கட்டி எடுத்துச் சென்றேன். "என்ன சார் இது, கீரையா?" என்றார். அறுபது வருஷத்துக்கு முந்தைய இலை என்றேன். சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு குச்சி ஐஸ்களை ஒதுக்கி அடியில் இடம் செய்துகொடுத்தார். வாத்தியார்களைப் பற்றி அண்ணாச்சிகளுக்குப் பொதுவாகவே ஒரு கருணை உண்டு.

*

கட்டு குளிரில் கிடந்த அந்த வாரத்தில்தான் பேராசிரியர் எனக்குக் காவிலிப்பையின் கதையைச் சொன்னார். "ஒரு தாளுக்காக இவ்வளவு பாடா என்று நினைக்கிறீர்கள் அல்லவா? கேளுங்கள்" என்று ஆரம்பித்தார். பிறகு நானும் தேடிப் படித்துக்கொண்டேன்.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவைச் சிகிச்சையாளராகச் சென்னைக்கு வந்தார். 1826இல் அவருக்கு இங்கே அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. (நிதிச் சிக்கனம் என்ற சொல் அன்றும் இருந்திருக்க வேண்டும்.) படைப்பிரிவு மருத்துவராக மீண்டும் அனுப்பப்பட்டார். ஆனால் செடி சேர்க்கும் பித்து விடவில்லை. 1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது அவருடன் சென்ற உலர்மாதிரிகள் ஏறத்தாழ ஒரு லட்சம், எடை இரண்டு டன் என்கிறார்கள். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். 'ஐகோனஸ்' என்று தாவரவியலாளர்கள் சுருக்கமாகச் சொல்லும் அவரது ஆறு தொகுதிப் பெருநூலில் 2101 படங்கள் உள்ளன. அந்நூல் சென்னையில்தான் அச்சாயிற்று. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூவியா' என்று தம் ஓவியரின் பெயரையே வைட் சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அப்பெயர் நிலைக்கவில்லை. ஆயினும் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் தம்மிடம் கூலிக்கு வரைந்தவருக்கு இம்மரியாதையைச் செய்தார் என்பதை எண்ணி நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன்.

1835இல் வைட் கொல்லம் பகுதியில் ஒரு மரத்தின் கிளையைச் சேகரித்தார். இலுப்பையின் இனம். சி. பி. கிளார்க் என்ற தாவரவியலாளர் பிற்பாடு அந்த உலர்மாதிரியை வைத்தே அதனைப் புதிய இனமாக விவரித்தார். இன்று அதன் பெயர் மதூகா டிப்ளோஸ்டெமோன். 'டிப்ளோஸ்டெமோன்' என்றால் இரட்டை மகரந்தத்தாள்கள் கொண்டது என்று பொருள். உயிருள்ள மரத்தைக் கிளார்க் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வந்த யாரும் பார்க்கவில்லை. வைட் முறித்த கிளை கியூ தோட்டத்திலும் வேறு சில தொகுப்புகளிலும் தாள்களாக இருந்தது. மரம் எங்கும் இல்லை. அழிந்துபோயிருக்கலாம் என்றே எண்ணினார்கள்.

தாளை வைத்து இனத்தை விவரிப்பது என்றால் என்ன என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பேராசிரியர் தமிழ்க்காரனுக்குப் புரியும்படி சொன்னார். ஒரு செடிக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது, எந்த மாதிரியை வைத்து அப்பெயர் வைக்கப்பட்டதோ அது அப்பெயரின் மூலப்படி. பிற்காலத்தில் உலகில் யார் எந்தச் செடியைக் கண்டு 'இது அதுதானா?' என்று ஐயுற்றாலும், தீர்ப்பு அந்த மூலப்படியிடம்தான். புத்தக விவரணை தவறலாம், படம் தவறலாம். தாள் தவறாது. இலைநரம்பைப் பார்க்கலாம், பூவை வெந்நீரில் இளக்கிப் பிரித்து மகரந்தத்தாள்களை எண்ணலாம். ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வேறுபாடு மட்டும் எனக்குத் தோன்றியது. நம்மிடம் மூல ஏடுகள் பெரும்பாலும் இல்லை, படிகளின் படிகளே உள்ளன. அவர்களுக்கு மரமே போனாலும் மூலப்படி இருக்கிறது.

கேரளத்தில் பாலோட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், கொல்லம் மாவட்டம் பரவூரில் ஒரு சிவன் கோயிலின் காவில் நின்ற மரம் ஒன்றைக் கவனித்தார்கள். முதலில் அதை வேறோர் அரிய இலுப்பை என்றே நினைத்தார்களாம். மதூகா போர்டில்லோனி என்பது அதன் பெயர். அப்படி நினைத்து ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். பூவையும் இலையையும் மீண்டும் ஆராய்ந்து வைட்டின் தாள்களோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2020இல் செய்தி வந்தது. 180 ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதத்தில் மட்டும் வாழ்ந்த மரம் மண்ணில் கண்டெடுக்கப்பட்டது. அறிவிக்கப்பட்டபோது அறிந்திருந்தது அந்த ஒற்றை மரத்தைத்தான். அதன் விதைகளிலிருந்து நாற்றுகள் வளர்க்கும் முயற்சியையும் தொடங்கினார்கள்.

மலையாளத்தில் அம்மரம் காவிலிப்ப. காவில் நிற்கும் இலிப்ப. நம் இலுப்பை. சங்கப் பாடல்களில் இருப்பை. அகநானூற்றில் கரடிகள் அதன் பூக்களைத் தின்ன வருகின்றன. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதும் இதே குடும்பத்து உறவினரைப் பற்றிய பழமொழிதான். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பைத் தோப்புகள் தமிழ்நாட்டில் இருந்தன, இலுப்பையூர்கள் இன்னும் இருக்கின்றன. அந்த உறவுக்காரக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஒரு காவுக்குள் சாமிக்கு அஞ்சி யாரும் கோடரி வைக்காததால் தப்பி நின்றிருக்கிறார்.

பக்தி காப்பாற்றியது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. முழு உண்மை அதுவன்று. காவு மரத்தைக் காப்பாற்றியது. ஆனால் அது இன்ன மரம் என்பதைக் காவு சொல்லவில்லை. ஊருக்கு அது காவில் நிற்கும் இன்னொரு மரம். கியூவில் ஒரு தாள் மட்டும் இருந்து, பரவூரில் மரம் இல்லையென்றால் அது ஓர் இரங்கற்குறிப்பு. பரவூரில் மரம் மட்டும் இருந்து தாள் இல்லையென்றால் அது 'ஒருவகை மரம்'. அடுத்த புயலில் விழுந்திருந்தால் விறகு.

இக்கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது வேறொரு செய்தி. வைட்டின் தாள்கள் 1860களில் கியூவிலிருந்து பல நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றோடு ஒட்டப்பட்ட அச்சிட்ட சீட்டுகளில் இடம் என்று லத்தீனில் அச்சாகியிருப்பது 'இந்தியத் தீபகற்பம்' என்ற அளவே. கன்னியாகுமரியிலிருந்து எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள்ளுங்கள் என்பது போல! வைட் தம் கையால் ஊரும் ஆண்டும் எழுதிய சீட்டு பிழைத்த தாள்கள் பேறு பெற்றவை. பேராசிரியர் சொன்னார்: "செடியைவிடச் சீட்டு முக்கியம் சார். செடி இல்லாத சீட்டை வெச்சு அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சீட்டு இல்லாத செடி வெறும் சருகு."

*

சீட்டில் உள்ளூர்ப் பெயரை எழுதும் வழக்கம் சென்னையில் மிகப் பழையது என்பதை இதன் பின்னரே அறிந்தேன். புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற மருத்துவர் இருந்தார். 1690களில் கோட்டையைச் சுற்றியும் அதற்கப்பாலும் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, அவற்றை இங்குள்ளோர் என்ன பெயரால் அழைக்கிறார்கள், எந்த நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்புகளோடு லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றைப் பற்றி ராயல் சொசைட்டியின் ஏட்டில் கட்டுரைகளாக வெளியிட்டார். 'மலபார்' பெயர்கள் என்று அவற்றில் குறிக்கப்படுபவை தமிழ்ப் பெயர்கள். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். அந்தத் தாள்கள் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்போடு சேர்ந்து இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் யாரோ ஒரு வைத்தியரோ கூலிக்காரரோ வாயால் சொன்ன தமிழ்ச் சொல், ஆங்கிலேயரின் காதில் விழுந்து, லத்தீன் எழுத்தில் நசுங்கி, அச்சேறிவிட்டது. சொன்னவரின் பெயர் இல்லை. எனினும் சொல் இருக்கிறது.

நம் ஊரின் பெயரையே தாங்கி உலகெங்கும் அறியப்படும் செடிகள் பல இருக்கின்றன. முசுமுசுக்கை, மேலாநெல்லி, மாசிபத்திரி ஆகியவற்றின் அறிவியல் பெயர்களின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். மதராசப்பட்டினம் லத்தீன் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும். மார்கழிச் சளிக்கு முசுமுசுக்கை அடை சாப்பிடும் வீடுகளில் இதைச் சொன்னால் ஒருவேளை ரசிப்பார்கள்.

ஆனால் சேகரிப்புகள் சென்னையில் தங்கவில்லை. 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' என்று பெயர் பெற்ற பெருந்தொகுப்பு இங்கே தொடங்கி, உதகை வழியாகக் கோவைக்குச் சென்று, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் மெட்ராஸ்தான். போனது நல்லதே, அங்கே கவனிப்பு இருக்கிறது. எனக்குக் கவலை கல்லூரி அலமாரிகளைப் பற்றி. பெரிய தொகுப்புகளில் மலைக்காட்டு அரியவை இருக்கும். கிண்டிப் புதர், வேளச்சேரி ஏரிக்கரை, பல்லாவரம் குன்று, இவற்றிலிருந்து மாணவர்கள் பாடத்துக்காகப் பறித்தவை கல்லூரி அலமாரிகளில்தான் கிடக்கின்றன. பறித்தபோது அவை சாதாரணச் செடிகள். சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மயூரநாதன் இந்நகரின் பூக்கும் தாவரங்களைப் பற்றி 1929இல் நூல் எழுதினார். அதற்குப் பிறகு நகரம் தின்ற நிலத்தை நினைத்துப் பாருங்கள். அன்று 'மிகப் பொதுவானது' என்று எழுதப்பட்ட ஒரு செடியை இன்று தேடிப் போகும் ஒருவருக்கு, அது எந்த ஏரிக்கரையில் நின்றது என்று சொல்ல அந்தச் சாதாரணத் தாள் ஒன்றே சாட்சி.

கிண்டியையே எடுத்துக்கொள்ளலாம். தனியார் ஒருவரின் தோட்டமாயிருந்ததை 1821இல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஐந்நூறு ஹெக்டேருக்குச் சற்று மேல் இருந்த காடு ஆளுநர் மாளிகைக்கும், ஐ.ஐ.டி.க்கும், தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பகிரப்பட்டு, 1978இல் தேசியப் பூங்கா ஆனபோது சுமார் 270 ஹெக்டேராக எஞ்சியது. என் தாளில் 'கிண்டி, புதர்க்காடு' என்று எழுதிய மாணவர் 1961இல் எங்கே நின்றிருந்தார்? வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? அவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு வகுப்பறையும் இருக்கலாம், மேம்பாலத்தின் தூணும் இருக்கலாம். இன்னும் குருந்தே நிற்கலாம்.

*

அந்த ஆவணி மாதத்தில் பேராசிரியரும் நானும் சிறுவர் பூங்காப் பக்கம் போனோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்குப் பொறுமையின்மை. வேலியை ஒட்டி மெல்ல நடந்தோம். அரைமணி நேரம் கழித்து அவர் கைத்தடியை நீட்டினார். "அதோ."

நான் என்ன எதிர்பார்த்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாயவன் ஒசித்ததல்லவா? மாணிக்கவாசகர் கண்ணீர் விட்டதல்லவா? ஒரு பெரிய விருட்சத்தை மனத்தில் வளர்த்துவைத்திருந்தேன். நின்றது புதருக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட ஒன்று. கரும்பச்சை இலை, அடர்த்தியான கிளைகள், இலைக்கக்கத்தில் முள். கொய்யாக்கன்று என்று தாண்டிப் போயிருப்பேன். காய்கள் கண்ணில் பட்டபோதுதான் எலுமிச்சை என்ற பெயரின் நியாயம் புரிந்தது. குட்டி எலுமிச்சைகள். இலையைக் கசக்கினால் நாரத்தை வாசம் வரும் என்றார். கசக்க முடியாது. தேசியப் பூங்காவிலிருந்து ஓர் இலையைப் பறிப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நியாயமான சட்டம். இன்று ஒரு மாணவர் இந்த மரத்துக்கு ஒரு தாள் செய்ய வேண்டுமென்றால் வனத்துறையிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் 1961இன் தாள் எடைக்குப் போவதன் பொருள் என்ன என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று நடையில் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை முல்லைப் பாட்டு ஒன்று நடத்த வேண்டியிருந்தது. 'ஒருவகை மரம்' என்று எழுதவில்லை. கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், இது எங்க ஊர்ல நிறைய இருக்கு. ஆடு திங்காது" என்றாள். எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். இருபதாண்டில் மாணவரிடமிருந்து குருந்தைப் பற்றி நான் கேட்ட முதல் செய்தி அது.

*

கட்டில் பிழைத்தவை பதினொன்று. பேராசிரியர் ஒவ்வொன்றையும் கைலென்ஸால் பார்த்து, புதுத் தாளில் மாற்றித் தைத்தார். அவர் மனைவி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். இதை ஒரு ஹெர்பேரியத்துக்கு முறைப்படி அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. உதிர்ந்த காயையும் தூளையும்கூட எறியக் கூடாதாம். சிறு காகித உறையில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்டினார். பழைய சீட்டு கிழிந்திருந்தாலும் அதை எடுக்கவோ திருத்தவோ கூடாது. கருத்து வேறுபட்டால் கீழே புதுச் சீட்டு ஒட்டித் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். சில தாள்களில் இப்படி நான்கைந்து தலைமுறைச் சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்குமாம், ஒருவரை ஒருவர் மறுத்தபடி. நம் உரைமரபை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு நாகரிகம் கூடுதலாக இருக்கிறது. முந்தையவரின் எழுத்தின்மேல் யாரும் கோடு போடுவதில்லை.

கிண்டித் தாள் வந்தபோது, புதுச் சீட்டில் பெயரையும் தேதியையும் அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில் 'குருந்து' என்று நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஒரு தமிழாசிரியனின் ஆசை. ஈராயிரம் ஆண்டுச் சொல் அந்தத் தாளில் ஏறிவிட வேண்டும் என்று.

அவர் பேனாவைக் கொடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கிண்டியில யாராவது உங்ககிட்ட இதைக் குருந்துன்னு சொன்னாங்களா சார்?"

இல்லை என்றேன்.

"ஆடு மேய்ச்சவர் காட்டெலுமிச்சைன்னு சொல்லியிருக்கார். அது இருக்கட்டும். உங்க மாணவி ஊர்ல என்ன பேர்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஊரைக் குறித்துக்கொண்டேன், பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, சீட்டின் பின்புறம் பசை தடவத் தொடங்கினார்.